வண்டியை விற்ற பிறகும் ஒருவர் ரைடர்தானா?

இழையைத் தொடங்கியவர்: சேலத்துக்காரன்

கடந்த மாதம் என் புல்லட்டை விற்றுவிட்டேன். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் வட்டு விலகி, இடது கால் விரல்கள் வரை மரத்துப்போகத் தொடங்கிய பிறகு, இனி இரு சக்கர வண்டி வேண்டாம் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் அதைத் தாழ்வாரத்தில் நிறுத்தி வைத்து, வாரம் ஒரு முறை மகனிடம் கிக்கரை உதைக்கச் சொல்லி எஞ்சின் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்ற இடத்திலேயே துருப்பிடிப்பதைவிட, ஓட்டக்கூடிய ஒருவரிடம் போவதே அதற்கு நல்லது என்று ஒரு நாள் தோன்றியது. ஆத்தூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் ஆர்சி புத்தகத்தையும் சாவியையும் கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு திருமண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலையில் அமர்ந்திருந்த உறவுக்காரப் பையன், "மாமா, நீங்கள் பைக் ஓட்டுவீர்களா?" என்று கேட்டான். சாதாரணமான கேள்விதான். ஆனால் எனக்கு விடை வரவில்லை. ஓட்டுவேன் என்றால் பொய்யாகும். ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல மனம் இடம் கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு ரசத்துக்கு இலையைச் சரிசெய்துகொண்டேன்.

1992-ல் முதல் சம்பளப் பணத்தோடு அப்பாவிடம் கடனும் வாங்கி ஒரு ஆர்எக்ஸ் 100 எடுத்தேன். 98 சிசி எஞ்சின்தான். ஆனால் நூறு கிலோவைச் சற்றே தாண்டிய அந்த வண்டியின் ஆக்சிலரேட்டரைத் திருகினால் முன் சக்கரம் லேசாவதை உள்ளங்கையில் உணரலாம். அதில் வேகத்தைக் கற்றேன் என்று சொல்வதைவிட, வேகத்துக்கு எங்கெல்லாம் இடமில்லை என்பதைக் கற்றேன் என்று சொல்வதே சரியாக இருக்கும். பிறகு 2001-ல் வலது பக்கம் கியர் உள்ள பழைய வகைப் புல்லட். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்த வண்டியோடு எத்தனை முறை ஏறி இறங்கினேன் என்று எண்ணி வைக்கவில்லை. முதல் முறை ஏறியபோது, வளைவில் எனக்குப் பயம் தரும் இடத்தையே, அதாவது ஓரத் தடுப்புச் சுவரையே, பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியும் அங்கேயே போனது. வளைவு முடிந்து சாலை விரியும் இடத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட அன்றுதான், நான் வண்டியை நகர்த்துகிறவன் என்ற நிலையைத் தாண்டி வேறொன்றாக ஆனேன் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்த வேறொன்று என்ன என்பதுதான் என் கேள்வி. அது வண்டியோடு போய்விட்டதா, அல்லது என்னிடமே இருக்கிறதா? பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளாக என்னை நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதில் பாதி இதில்தான் இருக்கிறது.

தஞ்சை ஆசிரியர் எழுதியது:

ஐயா, பந்தியில் உங்களுக்கு விடை வராததற்கு உங்கள் மனம் மட்டும் காரணமன்று, நம் மொழியின் அமைப்பும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. ஓட்டியவர், ஓட்டுகின்றவர், ஓட்டுபவர் ஆகிய மூன்றும் வினையாலணையும் பெயர்கள். அவை காலம் காட்டும். இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் இப்போது ஓட்டுகிறீர்களா, முன்பு ஓட்டினீர்களா என்பதை அந்தச் சொல்லுக்குள்ளேயே சொல்லியாக வேண்டும். "ஓட்டுநர்" என்ற சொல்லுக்குக் காலம் இல்லை. ஆனால் பேருந்தும் லாரியும் ஓட்டிப் பிழைக்கும் தொழிலுக்கு அதை நாம் ஒதுக்கிவிட்டோம். நம் இளைஞர்கள் "ரைடர்" என்ற சொல்லை இவ்வளவு விருப்பத்தோடு எடுத்துக்கொண்டதற்கு ஆங்கில மோகம் ஒன்றையே காரணமாகச் சொல்வது அவசரம் என்பேன். காலம் காட்டாத, தொழிலைக் குறிக்காத ஒரு பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தமிழில் அது கைக்கெட்டும் இடத்தில் இல்லை.

பழைய சொல் ஒன்று நம்மிடம் இருந்தது. சங்கப் பாடல்களின் முல்லைத் திணையில், வினை முடித்துத் திரும்பும் தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனிடம் சொல்வதைப் பலரும் படித்திருப்பீர்கள். பாகன் என்பது தேரைச் செலுத்துகிறவனுக்கும் பெயர், யானையைப் பேணுகிறவனுக்கும் பெயர். யானை இறந்துபோனாலும் ஊரார் அவனைப் பாகன் என்றே அழைப்பார்கள். கையில் இப்போது யானை இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. யானையோடு வாழத் தெரிந்தவன் என்பதே அந்தப் பெயரின் பொருள். மோட்டார் சைக்கிளுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துங்கள் என்று நான் பரிந்துரைக்கவில்லை. உங்கள் கேள்விக்கு என் விடை அந்தச் சொல்லின் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நான் இருபது ஆண்டுகளாக ஒரு ஸ்ப்ளெண்டரில் பள்ளிக்குப் போய் வருகிறேன். காலையில் பதினோரு கிலோமீட்டர், மாலையில் பதினோரு கிலோமீட்டர். என்னை ரைடர் என்று நினைத்துக்கொண்டதே இல்லை; நீங்கள் எழுதியதைப் படித்த பிறகும் நினைக்கவில்லை. எனக்கு வண்டி என்பது பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள பொருள். அந்த வேறுபாடு உண்மையானது. அதில் உயர்வோ தாழ்வோ இல்லை.

கோவைப் பயணி எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கடைசிப் பத்தியோடு உடன்படுகிறேன். ஆனால் அந்த வேறுபாட்டை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில் எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு.

நான் ஒன்பது ஆண்டுகளாக 350 சிசி வண்டி ஓட்டுகிறேன். பெட்ரோல் பங்கில் தலைக்கவசத்தைக் கழற்றியதும், "அண்ணன் வண்டியா?" என்று கேட்பார்கள். அது கெட்ட எண்ணத்தில் கேட்கப்படும் கேள்வி அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் யார் என்பதை அங்கே நிரூபித்தாக வேண்டியிருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, மேலே தேநீர்க் கடையில் நின்றபோது, எங்களோடு வந்த ஆண்களிடம் வண்டியைப் பற்றிக் கேட்ட கடைக்காரர் என்னிடம் பயமாக இல்லையா என்று மட்டும் கேட்டார். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல், கரடுமுரடான நிலத்தில் நடக்கும் பாஹா பந்தயங்களுக்கான உலகக் கோப்பையை மகளிர் பிரிவில் வென்றபோது நான் அழுதேன். அந்த மகிழ்ச்சியை எங்கள் அலுவலகத்தில் யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

இங்கே சொல்ல வந்தது என் கதையை விட என் அம்மாவின் கதை. ஓசூரில் தயாரித்து 1980-ல் வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட் எங்கள் கொங்குப் பகுதியில் எத்தனை குடும்பங்களைத் தாங்கியது என்பதை இங்குள்ள பலர் அறிவீர்கள். பொள்ளாச்சி அருகே ஒரு கிராமத்தில் பால்வாடி ஆசிரியையாக இருந்த அம்மா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்னால் நானும் பின்னால் தம்பியுமாக, பதினெட்டு ஆண்டுகள் அதை ஓட்டினார். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலப்பது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது, சைலன்ஸரில் கரி அடைத்து இழுவை குறைந்தால் அதைச் சுத்தம் செய்வது எல்லாம் அவரே. அவரை யாரும் ரைடர் என்று சொன்னதில்லை. இன்று நான் காரில் அழைத்துப் போகும்போதும், "அடுத்த திருப்பத்தில் நிழல் விழும், அங்கே மண் ஈரமாகவே கிடக்கும், மெதுவாகப் போ" என்பார். நான்கு சக்கரத்துக்கு அந்த ஈரம் ஒரு பொருட்டில்லை. அவர் இன்னும் இரண்டு சக்கரத்தில்தான் அந்தச் சாலையைக் கடக்கிறார்.

எனவே, சேலத்து ஐயா, உங்களிடமிருந்து அது போகவில்லை. ஆனால் அது உங்களுக்கு இருக்கிறது என்று இங்கே எல்லோரும் உடனே ஒப்புக்கொள்வார்கள். புல்லட் என்ற பெயரும் கொல்லிமலை என்ற பெயரும் அதற்குப் போதும். என் அம்மாவுக்கும் அதே பெயரைக் கொடுக்கத் தயாராக இருக்கிறோமா என்பது நம் எல்லோர் முன்னும் உள்ள கேள்வி.

ஓசூர்க்காரன் எழுதியது:

நான் மாறுபடுகிறேன், மன்னிக்கவும். கபடி ஆடுவதை நிறுத்தியவர் கபடி வீரராக இருந்தவர். அதில் அவமானம் எதுவும் இல்லை. ரைடர் என்பது ஒவ்வொரு நாளும் சாலையில் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய ஒன்று. நான்கு மாதம் வண்டியைத் தொடாமல் இருந்துவிட்டு ஏறினால் முதல் வளைவிலேயே உடல் தயங்குவதை நான் அறிந்திருக்கிறேன். திறமை மங்கும். மங்கியதை இன்னும் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஏறுவது ஆபத்து. நினைவை நினைவாகவே மதிப்போம்.

திண்டுக்கல் பட்டறை எழுதியது:

இருபத்தாறு ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆளைப் பார்ப்பதற்கு முன் வண்டியைப் பார்த்துப் பழகிவிட்டேன். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று வண்டி சொல்லும்.

பின் டயரைப் பார்ப்பேன். நேர்ச்சாலையில் மட்டும் ஓடிய டயர் நடுவில் பலகைபோல் தட்டையாகத் தேய்ந்திருக்கும், ஓரங்களில் புதிய டயரின் பொடி ரோமம்கூடப் போயிருக்காது. சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ அடிக்கடி ஏறுகிறவரின் டயர் உருண்டை மாறாமல் ஓரம் வரை சீராகத் தேய்ந்திருக்கும். அடுத்துப் பிரேக். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கிப் போட்டுவிடும் என்று சிறு வயதில் யாரோ சொன்னதை நம்பி, ஆயுள் முழுவதும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுடைய வண்டியில் பின் பிரேக் ஷூ நான்கு மாதத்துக்கு ஒரு முறை தீரும், முன்னால் உள்ளது வாங்கியபடியே இருக்கும். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்குப் போகிறது என்பதால் நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. அதை அழுத்தமாகவும் படிப்படியாகவும் பிடிக்கத் தெரிந்தவரைப் பார்த்தால் எனக்கு மரியாதை வந்துவிடும், அவர் ஓட்டுவது மொபெட்டாக இருந்தாலும் சரி.

கோவைத் தங்கச்சி சொன்ன அம்மாவைப் போல எங்கள் பட்டறைக்குப் பூக்காரம்மா ஒருவர் வருவார். நிலக்கோட்டை மல்லிகையை விடியற்காலையில் மூட்டையாகக் கட்டி எக்ஸ்எல் வண்டியில் கொண்டுவருகிறவர். செயின் தொய்ந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். மூட்டையின் பாரத்துக்கு ஏற்பப் பின் டயரில் காற்றைக் கூட்டிக் குறைப்பார். மாறாக, மூன்று லட்ச ரூபாய் வண்டியில், கைக்கும் முழங்காலுக்கும் கவசம் போட்டு வந்த ஒருவரின் செயின், மணலும் துருவுமாக மடங்காமல் விறைத்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். கவசம் போட்டதைக் குறை சொல்லவில்லை. அது நல்ல பழக்கம். ஆனால் தன் உடலைக் காக்கத் தெரிந்தவர், தன்னைச் சுமக்கிற பொருளைக் கவனிக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

சேலத்து அண்ணனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக் உள்ள அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டை, புதிய வண்டிகளில் பழகிய ஒருவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவசரத்தில் அவருடைய வலது கால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். பழகும் வரை அவரைக் கூட்ட நெரிசலில் ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள் என நம்புகிறேன். ஓசூர்த் தம்பி சொல்வது போல உங்கள் உடலின் திறமை மங்கலாம். அந்த வண்டியைப் பற்றிய அறிவு அதை வாங்கியவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது.

வேளச்சேரி எழுதியது:

நான் சென்னையில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு 130 கிலோமீட்டர், சில நாள்களில் அதற்கும் மேல். விசித்திரம் என்னவென்றால், நீங்கள் எல்லோரும் யாருக்குப் பொருந்தும் என்று விவாதிக்கும் அந்தப் பெயர் எனக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. கடை வாசலில் நிற்கும்போது, "ரைடர் வந்திருக்கிறார்" என்றுதான் உள்ளே சொல்வார்கள். என் பெயரை யாரும் கேட்பதில்லை.

ஆசிரியர் ஐயா தொழிலைக் குறிக்காத சொல் என்று எழுதியிருந்தார். எங்களைப் பொறுத்தவரை அது தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வந்ததில்லை. நேரத்தை வேறு ஒருவர் கணக்கிடும்போது சாலையைச் சாலையாகப் பார்க்க முடியாது. ஆனால் அறிவு வந்தது. மழை நாளில் தேங்கிய நீரின் ஆழத்தை, சாலை நடுத்தடுப்பு எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதையும் முன்னே போகும் மாநகரப் பேருந்தின் சக்கரம் எவ்வளவு தெரிகிறது என்பதையும் பார்த்து அளப்பேன். எந்தத் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி சாலையைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்பது தண்ணீருக்கு மேலிருந்தே எனக்குத் தெரியும். நீருக்குள் ஆக்சிலரேட்டரை விட்டுவிடக் கூடாது, சைலன்ஸருக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்பதால் முதல் கியரிலேயே சீராகப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே 110 சிசி வண்டியில் மனைவியோடு பழவேற்காட்டுக்குப் போவேன். பொன்னேரி தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் வரும். அப்போது என்னை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரம் மட்டுமே அந்தப் பெயருக்கு நான் பொருத்தமானவன் என்று எனக்குத் தோன்றுகிறது. வண்டி அதுதான், கையும் அதுதான். எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்வது மட்டும் நான்.

மதுரைச் செவிலியர் எழுதியது:

நான் வண்டி ஓட்டுவதில்லை. அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறேன். இந்த இழையை முழுவதும் படித்ததால் எழுதுகிறேன்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. எங்களுக்கு அந்த எண்ணிக்கை சனிக்கிழமை இரவுகளாக வந்து சேர்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை அடுத்து 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கித் தீவிரமாகக் கண்காணித்தபோது வேறுபாட்டை நாங்கள் கண்ணால் பார்த்தோம். இன்று பலர் அதை பெட்ரோல் டேங்கின் மீது வைத்துக்கொண்டோ முழங்கையில் மாட்டிக்கொண்டோ வருகிறார்கள். தலையில் அணிந்தவர்களிலும் பலர் தாடைப் பட்டையை மாட்டுவதில்லை. விழும்போது தலைக்கு முன்பாகக் கவசம் தரையில் உருண்டுவிடும்.

தங்களை ரைடர் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்பு உண்டு. பின்னால் உட்கார்ந்திருப்பவரின் தலையிலும் கவசம் இருக்கிறதா, பட்டை மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இல்லாமல், வருவதைக் காணவும் முடியாமல் உங்களை நம்பி உட்கார்ந்திருப்பவர் அவர்.

ஓசூர்க்காரன் எழுதியது:

பட்டறை அண்ணன் சொன்னதை யோசித்தேன். உடலின் திறமை வேறு, வண்டியையும் சாலையையும் பற்றிய அறிவு வேறு என்று பிரித்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன். முதலாவதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. இரண்டாவதைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

சேலத்துக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓசூர்த் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவருடைய முதல் பதிவைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஆனால் அதில் உண்மை இருந்தது. கோவை மகளே, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என் பின்னால் உட்கார்ந்து வந்திருப்பாள் என்பதை, செவிலியர் அம்மாவின் பதிவைப் படித்த பிறகுதான் முதன்முதலாக எண்ணிப் பார்த்தேன். அவளுக்கென்று ஒரு தலைக்கவசம் நான் வாங்கிக் கொடுத்தது 2015-க்குப் பிறகுதான். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பட்டறைத் தம்பியின் பதிவைப் படித்ததும் ஆத்தூர் இளைஞரை அழைக்க நினைத்திருந்தேன். அதற்கு முன்பே இன்று காலை ஆறரை மணிக்கு அவரே அழைத்துவிட்டார். அரை மணி நேரமாக உதைக்கிறாராம், வண்டி கிளம்பவில்லை, ஒரு முறை கிக்கர் திரும்பி அடித்துக் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்றார். உதைப்பதை நிறுத்தச் சொன்னேன். அலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு டேங்கின் மீது வைக்கச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரைக் காலால் மெதுவாக அழுத்துங்கள், ஆம்பியர் மீட்டரின் முள் நடுக்கோட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள் என்றேன். வந்துவிட்டது என்றார். இப்போது எஞ்சினின் அழுத்தத்தைத் தணிக்கும் டிகம்பிரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சற்றே கீழே இறக்குங்கள், லிவரை விடுங்கள், கிக்கரை மேலே வர விடுங்கள், இனி அவசரமில்லாமல் முழு நீளத்துக்கும் ஒரே உதையாக உதையுங்கள் என்றேன். வலுவை நம்ப வேண்டாம், முள்ளை நம்புங்கள் என்றும் சொன்னேன். 2001-ல் எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்த மெக்கானிக் இதே சொற்களைத்தான் சொன்னார்.

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. அவர் ஏதோ கத்தினார், சத்தத்தில் கேட்கவில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்காமல் தானாகச் சூடேறட்டும் என்று நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்காது, ஆனால் முறுக்கவில்லை. இருவரும் பேசாமல் இரண்டு மூன்று நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தோம். வால்வுகளை இயக்கும் டேப்பெட்டின் சத்தம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நெரிசல் இல்லாத விடியற்காலையில் கிளம்பும்படியும், வலது கால் கியரில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.